கூரை மடங்கும் மொரிஸ் வாங்கப் போகிறீர்களா?

பழுதான அமெரிக்கக் கன்வெர்ட்டிபிள் மலிவாகக் கிடைத்தாலும், ஒரு லைட் கண்ணாடிக்குக்கூடக் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கண்டியில் வாங்கித் திருத்தி ஓட மொரிஸ் மைனர்தான் தோது. 1948 முதல் 1971 வரை 16 லட்சத்துக்கு மேல் தயாரான கார். பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1990களில் அம்பலாங்கொடையில் இதன் பொடித் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்!

பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். மழை ஊரில் துருதான் எமன். கால்மிதியைத் தூக்கிவிட்டு, தரைத் தகட்டை ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' பகுதி அதைவிட முக்கியம்; கூரையில்லாத காருக்கு அதுவே முதுகெலும்பு. ஜாக் வைத்து ஒரு பக்கத்தை உயர்த்துங்கள். கதவு இறுகிக்கொண்டால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சலூனின் கூரையை வெட்டி விற்பவர்களும் உண்டு. 1960களின் அசல் கன்வெர்ட்டிபிள் என்றால் தகட்டிலுள்ள சேஸி எண் 'எம்.ஏ.டி.' (MAT) என்று தொடங்கும். பதிவுப் புத்தகத்தோடும் ஒப்பிடுங்கள்.

முன்சக்கரத்தின் ட்ரனியன் மூட்டு தேய்ந்தால் சக்கரம் மடங்கிவிடும். பிரேக்கைக் குளக்கரைச் சமதரையில் சோதித்த பிறகே கடுகண்ணாவ இறக்கம். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் பல பாஸ்மார் எட்டிப் பார்ப்பதேயில்லை.

கூரைத் துணி கிழிந்திருந்தால் கவலை வேண்டாம், நல்ல குஷன் தையற்காரர் போதும்.