பழைய சாமான்களைக் கொண்டு கோழிக்கொட்டில் அமைத்தல்

வீடு பிரித்துக் கட்டுகையில் மிஞ்சும் பனங்கைகள், நாட்டு ஓடுகள், ஜன்னல் சட்டங்கள் முதலியவற்றைக் கொண்டு, 10 கோழிகள் இராத்தங்கத்தக்க கொட்டிலை அதிகச் செலவின்றி அமைத்துக்கொள்ளலாம். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள மேட்டுத்தரை போதுமானது.

பழைய மரத்தில் செல்லைக் காட்டிலும் அஞ்சத்தக்கது கோழி உண்ணியே. இது பகலில் வெடிப்புகளுள் ஒளிந்திருந்து இரவில் வெளிவந்து இரத்தத்தை உறிஞ்சும். இரையின்றி ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழும். ஆதலின், நெடுநாள் வெறுமனே கிடந்ததென்று ஏலத்தில் மலிவாய்க் கிடைத்த கூண்டுப் பலகையை நம்பிவிடலாகாது. உண்ணியால் பரவும் ஸ்பைரோகீடோஸிஸ் என்னும் ஜுரம் கண்ட கோழி, இரை எடாமல் பச்சையாகக் கழிந்து, சில தினங்களில் மடிவதுண்டு.

மரங்களைக் கொதிக்கும் ஜலத்தால் நனைத்துக் காயவைத்து, வெடிப்புகளைப் பந்தத்தால் தீய்த்து, அவை அடையுமாறு சுண்ணாம்பு பூசுதல் வேண்டும். வைக்கோற்போருக்கு அருகில் பந்தம் பிடித்தல் கூடாது. பழைய வர்ணக் கதவுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உரிந்த செதில்களைக் கோழிகள் கொத்தித் தின்னுமாதலால் அவற்றை விலக்குக.

கோழிகள் அமரும் கழிகளைச் சுவரில் பதிக்காது, தனிக் கால்களின்மீது, ஒரே உயரத்தில், கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் வீதம் அமைக்கவும். சுவரைத் தொடாத கழியில் உண்ணி ஏறக் கால்களே வழி. அவற்றை மாதந்தோறும் சோதித்தால் போதும்.