கொடிமலை இரயிலின் பிரேக் கட்டைகள்

முற்காலத்தில் பினாங்குக் கொடிமலைக்குச் செல்ல விரும்பியோர் நடந்தோ, மட்டக்குதிரையில் ஏறியோ, ஆள்கள் சுமந்த நாற்காலியில் அமர்ந்தோ சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முதல் இரயில் பாதை முயற்சி தோல்வியில் முடிந்தது. 1923ஆம் ஆண்டில்தான் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து மலை இரயில் ஓடத் தொடங்கியது. நடுவழியில் வண்டி மாறி ஏற வேண்டியிருந்ததால் அப்பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீடித்தது. 2010இல் அப்பழைய சேவை நிறுத்தப்பட்டு, 2011இல் சுவிட்சர்லாந்துத் தொழில்நுட்பத்தில் அமைந்த புதிய இரயில் வந்தது. இன்று ஒரு பெட்டியில் 100 பேர் வரை ஏறி, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றனர்.

இந்த இரயில் செயல்படும் விதம் எளிமையானது. எஃகு வடம் ஒன்றின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். கிணற்று உருளையின் இரு புறமும் வாளி கட்டியதைப் போன்றது இது. இரண்டின் எடையும் ஒன்றையொன்று சமன்செய்வதால், மோட்டாரின் வேலை பெரிதும் குறைகிறது என்றே சொல்லலாம். ஆனால், அந்த வடம் அறுந்தால் என்ன ஆகும்?

அதற்காகவே இத்தகைய நவீன மலை இரயில்களில் பெட்டியின் அடியில் தனிப் பிரேக் பொருத்தப்படுகிறது. அது தண்டவாளத்தை இரு பக்கமும் இடுக்கிபோல் கவ்விப் பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் பிரேக்கை அழுத்தினால், எண்ணெய் அழுத்தம் பிரேக் கட்டைகளைத் தட்டின்மீது தள்ளுகிறது. மலை இரயிலில் இது தலைகீழாக நிகழ்கிறது. வலிமையான சுருள்வில்கள் கட்டைகளை எப்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும். எண்ணெய் அழுத்தம் அவற்றைப் பிரித்துப் பிடித்தால்தான் வண்டி நகரும். மின்சாரம் தடைப்பட்டாலும் எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் அழுத்தம் இறங்கிவிடும். உடனே சுருள்வில் கவ்விவிடும். ஓடுவதற்குத்தான் இங்கே அனுமதி வேண்டும், நிற்பதற்குத் தேவையில்லை.

2025 செப்டம்பர் 3ஆம் நாள், போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் குளோரியா என்னும் பழைய மலை இரயிலின் வடம், இணைப்பிலிருந்து கழன்றது. ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்தும் பெட்டி நிற்கவில்லை. 16 பேர் உயிரிழந்தனர். வடம் இல்லாத நிலையில் பெட்டியை நிறுத்தும் வலிமை அந்தப் பிரேக்குகளுக்கு இல்லை என்று விசாரணையாளர்கள் கூறினர். அன்று காலையில்தான் அதனைப் பார்வையிட்டுச் சோதித்திருந்தனர். வடம் கழன்ற இடமோ பிரித்துப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடியது.

கொடிமலை இரயில் ஆண்டுப் பராமரிப்புக்காகச் சில நாள்கள் நிறுத்தப்படுவதுண்டு. அந்நாள்களில் உச்சியிலுள்ள முருகன் கோவிலுக்குச் செல்ல எண்ணியோரும் சுற்றுப்பயணிகளும் ஏமாற்றமடையக்கூடும். ஆனால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்ய முடியாத வேலைகள் சில உள்ளன. பிரேக் கட்டை மாற்றுவது அவற்றுள் ஒன்று.

கட்டை தேய்ந்தால் இடுக்கி கூடுதல் தூரம் நகர்ந்து கவ்வ வேண்டும். சுருள்வில் அதிகம் விரிய விரிய அதன் விசை குறையும். ஆகவே, கட்டை முழுவதும் தேயும்வரை காத்திருக்கக் கூடாது. எண்ணெய் பட்ட கட்டையின் நிலையும் இதுவே. துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகத் தெரியும். உள்ளே ஊறிய எண்ணெயோ உராய்வைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அதனைத் தூக்கி எறிவதே முறை.

மாற்றும் வேலையிலும் ஆபத்து உண்டு. பிரேக்கைத் திறந்தால்தான் கட்டையைக் கழற்ற முடியும். அதனால், முதலில் பெட்டியை நிலையத்தில் அசையாதபடி பிணைத்துவிடுகின்றனர். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி எவரும் இடுக்கிக்குள் கைவிடுவதில்லை. சுருள்வில் மூடாதபடி இரும்புப் பூட்டு போடப்படுகிறது. இரு பக்கக் கட்டைகளும் சேர்த்தே மாற்றப்படுகின்றன. புதிய கட்டையின் முகம் தண்டவாளத்தில் முழுமையாகப் படியச் சிறிது நேரமாகும். ஆதலால், வெறும் பெட்டியைப் பலமுறை மெதுவாக ஓட்டி நிறுத்துகின்றனர். பிரேக் பிடித்த இடத்திலிருந்து எத்தனை மீட்டரில் பெட்டி நிற்கிறது என்பதை அளந்து பதிவேட்டில் எழுதிய பின்னரே முதல் பயணிக்குக் கதவு திறக்கப்படுகிறது.