சிலிண்டரை வெந்நீரில் வைக்கலாமா? பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு விளக்கம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் வெப்ப இயற்பியல் பாடத்தில் பாயில் விதி, சார்லஸ் விதி என்று இரண்டு வருகின்றன. நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள்; கணக்கு என்று வந்தால் தடுமாறுகிறார்கள். வீட்டில் பெற்றோரும் கூட உட்கார்ந்து படிக்கட்டும் என்றே இதை இங்கே எழுதுகிறோம்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். பாதி தூரம் போவதற்குள் கை திணறும். இடம் பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்காகும், சூடு மாறாதிருக்கும்வரை. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இவ்வளவுதான். சார்லஸ் விதி சூட்டைப் பற்றியது: அழுத்தம் மாறாதிருந்தால், சூடு ஏற ஏற வாயு விரியும். விரிய இடம் கொடுக்காமல் அடைத்துவிட்டால், அந்தச் சூடு அழுத்தமாக ஏறும்.

பிள்ளைகள் தவறுவது இங்கேதான். காலையில் 30 டிகிரியில் பைக் டயரின் காற்று 30 பவுண்டு. ராணிப்பேட்டை வரை வெயிலில் ஓட்டியதும் டயர் 60 டிகிரிக்குச் சூடாகிறது. சூடு இரட்டித்தது, காற்றும் 60 பவுண்டு என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் பாதி வண்டிகள் வழியிலேயே வெடித்திருக்க வேண்டுமே! முதலில் 273ஐக் கூட்டிக் கெல்வினுக்கு மாற்ற வேண்டும்: 303, 333. அடுத்து, டயர் மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டும். வெளிக்காற்றின் சுமார் 15 பவுண்டையும் சேர்த்தால் 45. அதை 333ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 49 சொச்சம். 15ஐக் கழித்தால் 34 சொச்சம். டயர் ஆறியிருக்கும்போதே காற்றுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இனி நம் சகோதரிகள் கவனிக்க வேண்டியது. நோன்பு நாளில் ஸஹர் நேரத்துக்கு கேஸ் குறைந்துவிட்டால், சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும் சாய்த்துப் படுக்க வைப்பதும் சில வீடுகளில் நடக்கிறது. இரண்டும் கூடாது. 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி திரவம். திரவம் ஒரு சொட்டு மிஞ்சியிருக்கும்வரை, உள்ளே உள்ள அழுத்தத்தைத் தீர்மானிப்பது மீதி எவ்வளவு என்பதல்ல, சூடுதான். அதனால் பாயில் கணக்கு இங்கே செல்லாது. வெந்நீரில் வைத்தால் அழுத்தம் ஏறுகிறது, கொஞ்ச நேரம் அடுப்பு நன்றாக எரிகிறது. அதைப் பார்த்துத்தான் பழக்கம் பரவியது. ஆனால் அந்த அழுத்தத்தை வால்வும் ரெகுலேட்டரும் தாங்க வேண்டியிருக்கிறது. படுக்க வைத்தாலோ வாயு வரவேண்டிய வழியில் திரவமே வந்துவிடும். வெளியே வந்த திரவம் சுமார் 250 மடங்கு வாயுவாகப் பெருகும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள்.

வகுப்புக்கு வருமுன் பிள்ளைகள் ஒரு கணக்குப் போட்டு வரட்டும். 27 டிகிரியில் 3 லிட்டர் வாயு, அழுத்தம் மாறாமல் 47 டிகிரிக்குச் சூடாகிறது. இப்போது கன அளவு என்ன? விடை 3.2 லிட்டர். 5.2 என்று வந்தால், 273ஐக் கூட்ட மறந்திருக்கிறார்கள்.