இரும்பு கண்ணுக்குத் தெரியும், குரோமியம் தெரியாது

கேள்வி: திருமுல்லைவாயலில் சொந்த வீடு. குடிக்க மட்டும் கேன் தண்ணீர். சமையல், குளியல் எல்லாம் போர் தண்ணீர்தான். மோட்டார் போட்டதும் தெளிவாக வருகிறது. பக்கெட்டில் கொஞ்ச நேரம் நின்றால் பழுப்பாகிவிடுகிறது. போன மாதம் ஆர்.ஓ. மெஷின் விற்க வந்த பையன் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஜோடி கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தான். பச்சையும் பழுப்புமாகச் சேறு திரண்டது. “எல்லாம் ஹெவி மெட்டல் ஆன்ட்டி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துலதானே இருக்கு” என்றான். அன்றிலிருந்து பயம். இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் (பி.எஸ்சி. வேதியியல், கடைசி வருடம்) தான் ஜியோகெமிஸ்ட்ரி படித்து நிலத்தடி நீரை ஆராயப் போவதாகச் சொல்கிறாள். எங்கள் தண்ணீரில் என்னதான் இருக்கிறது? அந்தப் படிப்பு சோறு போடுமா?
— வாசகி, திருமுல்லைவாயல்

பதில்: அந்தக் கம்பி வித்தையை முதலில் முடித்துவிடுவோம் அம்மா. அதில் ஒரு ஜோடி இரும்புக் கம்பி. கரண்ட் கொடுத்தால் கம்பியே கரைந்து, பச்சையாகவும் பழுப்பாகவும் திரளும். கொஞ்சம் உப்பு இருக்கிற எந்தத் தண்ணீரிலும் இது நடக்கும். ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்பும் மெட்ரோ வாட்டரிலும் நடக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாக ஓடாது, அதனால் அது மட்டும் தெளிவாக நிற்கும். நீங்கள் பார்த்த உலோகம் அந்தப் பையன் பையில் கொண்டுவந்தது.

அவன் கையில் டி.டி.எஸ். மீட்டரும் இருந்திருக்கும். அதையும் நம்ப வேண்டாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்கிறது. மீட்டர் காட்டும் மிகச் சிறிய அசைவே ஒரு மில்லிகிராம். எல்லையைப்போல ஐம்பது மடங்கு ஈயம் இருந்தாலும் அந்த எண் அசையாது. சோடியம், கால்சியம், குளோரைடு போன்ற சாதாரண உப்புகளின் மொத்தத்தைத்தான் அது சொல்கிறது.

இனி உங்கள் பக்கெட். தெளிவாக வந்து, காற்றுப் பட்டதும் பழுப்பாவது இரும்பின் குணம். நிலத்துக்கடியில் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், நிறம் தெரியாது. மேலே வந்து காற்றைச் சந்தித்ததும் துருவாகிப் படியும். சந்தேகம் இருந்தால், அப்போதுதான் இறைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடியைப் போட்டுப் பாருங்கள். இரும்பு தாராளமாக இருந்தால் தண்ணீர் மை மாதிரி கறுக்கும். வாளியில் பழுப்போடு கறுப்புக் கறையும் படிந்தால் கூடவே மாங்கனீசும் இருக்கலாம்.

இந்த இரும்பு எஸ்டேட்டிலிருந்து வரவேண்டிய அவசியமில்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதற்குக் கீழே கோண்டுவானா காலத்துக் களிப்பாறை. மணல் பரலின் மேல் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். ஆக்ஸிஜன் இருக்கும்வரை அது கரையாது. பாதாளச் சாக்கடை வராத தெருவில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதிலிருந்து கசியும் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நிலத்தடி நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு அந்தப் பூச்சு கரைய ஆரம்பிக்கிறது. எல்லாப் பழுப்புத் தண்ணீருக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். களிமண்ணே போதுமான அளவு கொடுக்கும் இடங்களும் உண்டு. ஆனால் நெருக்கமாக வீடு கட்டிய தெருவில் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தால் தொழிற்சாலையைத் தேடுவதற்கு முன் செப்டிக் டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றுதான் நான் கேட்பேன். உங்கள் தண்ணீரை முதலில் ஈ-கோலி கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் சோதியுங்கள்.

அப்படியானால் எஸ்டேட் விஷயம் வெறும் பயமா? அதுவும் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. லேத், பவுண்டரி, பெயிண்டிங் பட்டறைகளோடு முலாம் பூசும் சின்னச் சின்னப் பட்டறைகளும் வந்தன. முலாம் பட்டறை என்றால் நிக்கலும் குரோமியமும் துத்தநாகமும். இதில் என்னைக் கவலைப்பட வைப்பது ஹெக்சாவேலன்ட் (ஆறு இணைதிறன்) குரோமியம். அது தண்ணீரில் எதிர்மின் அயனியாகப் போகும். களிமண் துகளும் பெரும்பாலும் எதிர்மின் ஏற்றம் கொண்டது, அதனால் பிடித்து வைக்காது. வெகுதூரம் நகரும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு ஏறினால்தான் மஞ்சள் சாயல் கண்ணுக்குத் தெரியும். மொத்தக் குரோமியத்துக்குத் தர எல்லை 0.05 மில்லிகிராம். எல்லையைப் பத்து மடங்கு தாண்டிய தண்ணீரும் பார்வைக்குப் பன்னீர் போலத்தான் இருக்கும்.

இங்கேதான் வேதியியல் படிக்கும் உங்கள் மகளுக்குச் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. கரைந்த இரும்பும் ஹெக்சாவேலன்ட் குரோமியமும் ஒரே கிணற்றில் நிலைப்பது அபூர்வம். இரும்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்து, குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடும். அந்த வடிவம் நடுநிலைத் தண்ணீரில் அதிகம் கரையாது, மண்ணோடு படிந்துவிடும். ஆகவே உங்கள் பழுப்புத் தண்ணீரில் அந்தக் குரோமியம் இருக்கும் வாய்ப்பு குறைவு. நான் சாம்பிள் எடுக்க விரும்புவது, எஸ்டேட் சுவரை ஒட்டிய தெருவில் “எங்க தண்ணி சூப்பர் சார், ஒரு கறை கிடையாது” என்று சொல்கிறவரின் கிணற்றில்.

குரோமியக் கழிவு என்ன செய்யும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் நூறு கிலோமீட்டருக்குள் ராணிப்பேட்டை. 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை அங்கே விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை நின்ற பிறகும் ஒவ்வொரு மழையும் அந்தக் குவியலைக் கழுவி நிலத்துக்குள் இறக்கியது. 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. ராணிப்பேட்டை இருக்கும் பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. தீர்ப்பு வந்துவிட்டது, குவியல் அவ்வளவு சீக்கிரம் நகரவில்லை.

நம் பக்கம் அப்படி ஒரே குவியல் கிடையாது. சிதறிய பட்டறைகள், மழைநீர்க் கால்வாய்கள், ஏரிகள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து இரட்டை ஏரிக்கு என்று நீர் போகும் சங்கிலி இது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். அந்தப் பகுதி மக்கள் சலிக்காமல் தொடர்ந்து போராடியிருக்கிறார்கள். மூலம் சிதறிக் கிடப்பதால், ஒரு தெருவில் கிடைத்த முடிவை அடுத்த தெருவுக்குச் சொல்ல முடியாது. “அம்பத்தூர் தண்ணீரில் உலோகம்” என்று தலைப்புப் போடும் செய்திகளை நான் பாதிதான் நம்புவேன். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்த மாதம் எடுத்தது? மே மாதத்தில் வற்றிய நிலையில் எடுத்த எண்ணும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

உங்கள் மகள் விரும்பும் வேலையில் பெரும்பகுதி இந்தக் கேள்விகள்தான். ஐ.சி.பி.எம்.எஸ். என்ற கருவி ஒரு லிட்டரில் மைக்ரோகிராமுக்கும் குறைவான உலோகத்தை அளந்துவிடும். பாட்டிலுக்குள் இருப்பது உண்மையில் நிலத்தடி நீர்தானா என்பதைக் கருவி சொல்லாது. குழாயில் தேங்கிய பழைய நீர் போகும்வரை மோட்டாரை ஓட விடவேண்டும். அமிலத்தன்மையும் மின்கடத்தலும் ஆடாமல் நிலைத்த பிறகுதான் பாட்டிலைத் திறக்கலாம். 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக நீரைத் தள்ளி, சுத்தமான நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். விடாவிட்டால் இரும்பு பாட்டிலுக்குள்ளேயே துருவாகும். கூடவே ஆர்சனிக்கையும் ஈயத்தையும் தன்னோடு இழுத்துச் சுவரில் ஒட்டவைத்துவிடும். ஆய்வகம் “இல்லை” என்று கையெழுத்துப் போட்டுத் தரும். ஹெக்சாவேலன்ட் குரோமியத்துக்கு மட்டும் அந்த அமிலம் கூடாது. தனி பாட்டில், ஐஸ் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் சோதனை. அம்பத்தூர் டிராஃபிக்கில் இந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம்.

ஈயத்தில் இன்னொரு சங்கதி. அது பெரும்பாலும் நிலத்திலிருந்து வருவதில்லை. பித்தளை வால்வு, பழைய பி.வி.சி. குழாய் இவற்றிலிருந்து வரும். பி.வி.சி. குழாய்களில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-இல்தான் கொண்டுவந்தது. அதனால் காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரில் ஒரு சாம்பிள், சில நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. முதலாவதில் மட்டும் ஈயம் இருந்தால் குற்றவாளி உங்கள் வீட்டு பிளம்பிங்.

சுத்தம் என்பது இந்தத் துறையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கிளேர் பேட்டர்சனைப் பற்றி அவளைப் படிக்கச் சொல்லுங்கள். 1956-இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு கணித்த அமெரிக்க ஜியோகெமிஸ்ட். ஆய்வகத் தூசியில் இருந்த ஈயமே கணக்கைக் கெடுத்ததால் தூசி புகாத அறையைக் கட்டினார். அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய்ப் பெட்ரோலில் கண்டுபிடித்து, எண்ணெய்க் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றார். இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000-இல்தான் நின்றது.

எதிர் உதாரணமும் தெரிந்திருக்க வேண்டும். வங்கதேசத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளைப் பெருக்கி, குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கைக் குறைத்தார்கள். 1992-இல் பிரிட்டிஷ் நில ஆய்வு நிறுவனம் அங்கே தண்ணீரைச் சோதித்தது; ஆர்சனிக்கைத் தேடவில்லை. அடுத்த ஆண்டே ஆர்சனிக் கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் தொடுத்த வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய் 2006-இல் தள்ளுபடியானது. இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் கிராமம் கிராமமாகச் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கும் இரும்புப் பூச்சு கரையும்போதுதான் ஆர்சனிக் விடுபடுகிறது. நம் ஐ.ஐ.டி. மெட்ராஸின் பிரதீப் குழு உருவாக்கிய ஆர்சனிக் வடிகட்டி அதே இரும்பை எதிர்த்திசையில் பயன்படுத்துகிறது: இரும்பு ஆக்ஸைடு நானோ துகள் ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். அவர் வேதியியல்காரர் என்பதை உங்கள் மகள் கவனிக்கட்டும்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ்சி. அப்ளைடு ஜியாலஜிக்குப் பொதுவாக பி.எஸ்சி. ஜியாலஜி கேட்பார்கள். அவளுக்கு எளிய வழி, எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, நிலத்தடி நீர் ஆய்வு நடக்கும் ஜியாலஜி துறையில் பிஎச்.டி. சேர்வது. யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைண்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வில் இந்திய நில ஆய்வுத் துறைக்கு வேதியியலாளரையும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு வேதியியல் விஞ்ஞானியையும் எடுக்கிறார்கள். வாரியத்தின் மண்டல அலுவலகம் பெசன்ட் நகரிலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்கள், தனியார் ஆய்வகங்கள் உண்டு. தனியாரில் தொடக்கச் சம்பளத்தை ஐ.டி. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், வருத்தம்தான் மிஞ்சும். சோறு போடும், கார் வாங்கக் கொஞ்சம் நாளாகும்.

யாரும் சொல்லித்தராத பகுதி ஒன்று உண்டு. கிணற்றுக்காரர் கேட்டைத் திறக்கமாட்டார். ரிசல்ட் கெட்டதாக வந்தால் வீட்டு விலை இறங்கிவிடும் என்ற பயம். வாடகைக்கு இருப்பவருக்கோ வீட்டுக்காரரின் பயம். திறந்துவிட்டவர் கேட்பது ஒன்றே ஒன்று, “ரிசல்ட்டை எங்களுக்குச் சொல்வீங்களா?” ஆய்வுக்கட்டுரை வெளியாகும், கிணற்றுக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டும் போகாது என்பது இந்தத் துறையில் நெடுநாளாக நடக்கிறது. அது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

உங்கள் போர் தண்ணீரைச் சோதித்து முடிவு வரும்வரை சமையலுக்கு அது வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாவதால் செறிவுதான் கூடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ என்.ஏ.பி.எல். சான்று பெற்ற ஆய்வகத்திலோ, பாட்டிலை அவர்களிடமே வாங்கி, இரும்பு, மாங்கனீசு, குரோமியம், நிக்கல், ஈயம், ஆர்சனிக், காட்மியம் என்று பெயர் எழுதிக் கேளுங்கள். “ஃபுல் டெஸ்ட்” என்று மட்டும் சொன்னால் உப்பும் கடினத்தன்மையும் பார்த்துத் தந்துவிடுவார்கள்.

இந்த விடுமுறையில் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், போர் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, 2019 வறட்சியில் ஆழப்படுத்தினார்களா, செப்டிக் டேங்க் எங்கே, பக்கெட்டில் என்ன கறை என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். பாதி வீட்டில் துரத்துவார்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எம்.எஸ்சி. விண்ணப்பம் வாங்கலாம்.