சென்சாரிடம் கேள்வி கேட்கப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

சென்சார் வலையமைப்புக்கு முதல் வினவலை எழுதப்போகிறாய் என்று கேட்டதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. எஸ்க்யூஎல் உனக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரிவிடும். வழக்கமான தரவுத்தளத்தில் தரவு ஏற்கெனவே வட்டில் இருக்கிறது, நீ தேடி எடுக்கிறாய். இங்கே நீ கேட்கும்வரை தரவு என்று எதுவுமே கிடையாது. கேட்டால்தான் சென்சார் விழித்து அளக்கும். அளந்த ஒவ்வொரு எண்ணுக்கும் பேட்டரி கொஞ்சம் தீரும்.

சென்சார் வலையமைப்புகளிடம் வினவல் கேட்க உதவும் டைனிடிபி என்ற மென்பொருளைப் பெர்க்லியில் உருவாக்கிய சாமுவேல் மேடனும் தோழர்களும் 2003-ல் எழுதிய கட்டுரையின் உயிர்நாடி இதுதான். காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டியிருக்கும்போது பதிவான அதிகபட்ச ஒளி எவ்வளவு என்று கேட்கிறாய் என்று வைத்துக்கொள். நிபந்தனையை முதலில் சோதிக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவர்களுடைய கருவியில் காந்தமானியை ஒருமுறை படிக்க ஒளி சென்சாரைவிடப் பல மடங்கு ஆற்றல் செலவாகும். ஆகவே ஒளியை முதலில் படி. இதுவரை கண்ட அதிகபட்சத்தை அது தாண்டவில்லையா? காந்தமானியை எழுப்பவே வேண்டாம், விடை மாறாது.

அளப்பதைவிடப் பெரும்பாலும் பெரிய செலவாளி ரேடியோ. வலையமைப்பின் ஒவ்வொரு சென்சார் கருவியையும் கணு என்பார்கள். அந்தக் காலத்துக் கணுக்களில் ஒரு பிட்டை அனுப்பும் செலவில் ஏறத்தாழ 800 கட்டளைகளை இயக்கிவிடலாம். அதனால் எண்கள் கணுவிலிருந்து கணுவுக்குத் தாவி மேலே வரும் வழியிலேயே கணக்கை முடித்துவிட வேண்டும். சராசரியில் மட்டும் எச்சரிக்கையாக இரு. மூன்று கணுக்களின் சராசரி 30 டிகிரி, தனியாக நிற்கும் இன்னொன்றில் 20. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 25 வரும், சரியான விடை 27.5. ஒவ்வொரு கணுவும் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் சேர்த்து மேலே அனுப்பினால் இந்தப் பிழை வராது. இடைநிலை அளவு இப்படிச் சுருங்காது, எல்லா எண்களும் மேலே போயாக வேண்டும். அது உண்மையிலேயே தேவையா என்று கேட்டுக்கொள். பேசாமல் காத்திருக்கும் ரேடியோவும் மின்சாரத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கும். கீழிருந்து அனுப்பும் பிள்ளைக் கணு பேசும் நேரத்தில் மட்டும் அதைக் கேட்டு வாங்கும் தாய்க் கணு விழித்திருக்கும்படி அட்டவணை போடு.

எத்தனை நொடிக்கு ஒருமுறை அளப்பது என்பதை நீயாக முடிவு செய்யாதே, விடையைப் பயன்படுத்தப்போகிறவரிடம் கேள். கலிஃபோர்னியாவின் சோனோமாவில் 70 மீட்டர் உயர ரெட்வுட் மரம் ஒன்றைச் சுற்றியிருந்த வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஆய்வாளர்கள் 44 நாள் பதிவு செய்தார்கள். 5 நிமிடத்துக்கு ஒரு அளவு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. டைனிடிபியில் பேட்டரி எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்று சொன்னால் போதும், அளக்கும் வேகத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

இவ்வளவு சிக்கனம் சொன்ன நானே ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன். பேட்டரியின் மின்னழுத்தத்தையும் கட்டாயம் அளந்து வா. பெர்க்லியின் இன்டெல் ஆய்வகத்தில் 2004-ல் 54 சென்சார்கள் சேகரித்த தரவை இறக்கிப் பார். பேட்டரி சாகும் தறுவாயில் சாதாரண அறையின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி ஏறுவதைக் காண்பாய். அப்படி ஓர் எண் வழியிலேயே கூட்டுத்தொகையில் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. மின்னழுத்தம் குறைந்த கணு தன் அளவை அனுப்பாமலே நிறுத்திக்கொள்ளும்படி வினவலிலேயே நிபந்தனை வை.

அன்புடன்,
உன் அண்ணன்