கதை எழுத பத்து நிமிஷம்

தபால் துறையில் வேலை பார்த்தபடியே நாவல்களை எழுதிக் குவித்தவர் ஆந்தனி டிரோலப். விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு. நமக்கு அவ்வளவு வேண்டாம். காபி குடித்த கையோடு பத்து நிமிஷம், அரைப் பக்கம். நோட்டும் பேனாவும் முந்தின ராத்திரியே மேஜைக்கு வந்துவிடட்டும். காலையில் தேட ஆரம்பித்தால் அன்றைக்கு எழுதினமாதிரிதான்! செல்போன் அடுத்த அறையில்.

அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும்போதே நிறுத்திவிடுங்கள். எழுத்தாளர் ஹெமிங்வே சொன்ன உபாயம் இது. மறுநாள் வெற்றுத்தாளை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எழுதிய நாளுக்கு மாதக் காலண்டரில் ஒரு டிக். விட்டுப்போனதை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எழுதக் கிளம்பாதீர்கள். நோட்டு மலிவானதாகவே இருக்கட்டும், வழவழ தாளில் அடித்துத் திருத்த மனசு வராது.