ஊசி இன்சுலினும் காலைப் பசியாறலும்

நாளமில்லாச் சுரப்பிகள் தம் இயக்குநீரை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தச் சர்க்கரையைத் தசைகளுக்குள் புகவைக்கிறது. சர்க்கரை குறைந்தால் அச்சுரப்பு தானே அடங்கும். கணையத்தின் மற்றோர் இயக்குநீரான குளுக்ககான், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளிக்கொணரும். 1922ஆம் ஆண்டு டொரோண்டோ நகரில் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்ட ஊசி இன்சுலின் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. ஆயினும் அதற்கு இவ்வாறு அடங்கத் தெரியாது. தாதியர் பயிற்சி மாணவியர்க்கு நாம் வற்புறுத்த விழைவது இதுவே.

2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. ஜாசின், அலோர் காஜா தோட்டப்புறங்களில் 'இனிப்பு நீர்' என்றால் அறியாதார் இலர். இன்சுலின் போட்டுக்கொண்டு, பசியாறாமல் விடியலில் வேலைக்காட்டுக்குச் செல்பவர் வியர்த்து, நடுங்கி, உளறக்கூடும். அவ்வியர்வையும் நடுக்கமும் பெரிதும் அட்ரினல் சுரப்பி எழுப்பும் அபாயக் குரல். அதனைக் குடிமயக்கம் என்று ஒதுக்கிவிடுவது கொடுமை.

இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழிருந்து, நோயாளியால் விழுங்க முடியுமாயின், 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.